குமிழ் ஆறில் நிற்கிறது

சேலம்
8-7-1946

அன்புள்ள நங்கைக்கு உங்கள் தம்பி சம்சாரம் வசந்தாமணி எழுதிக்கொள்வது. அனைவரும் நலமென்று நம்புகிறேன்.

இந்த அகாலத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். தெருவே அடங்கிவிட்டது. பகலில் பேனாவைத் தொட்டால், சமையலுக்கு இருக்கும் மாரக்காள், "படுத்துக்கோங்கம்மிணி, எழுத்து எங்கீம் ஓடிப்போவாது" என்று பிடுங்கி வைத்துவிடுகிறாள்.

என் மகள் பாவாயி பத்திரமாய் வந்து சேர்ந்தாளா? உங்கள் வீட்டு அண்ணா அவளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிய பிறகுதான், கூடைக்குள் இருக்கும் ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லையே என்று ஞாபகம் வந்தது. காலையில் அவளுக்கு வாட்டிய ரொட்டி கொடுத்துப் பழக்கிவிட்டேன். அரிசி ரேஷன் இருக்கிற இருப்பில் அது சௌகரியமாகவும் இருந்தது. ஏற்காட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பும்போது சாமான்களை ஏலம் விட்டாரே, அதில் உங்கள் தம்பி ஒரு மின்சார டோஸ்டர் எடுத்து வந்தார். பெட்டி மாதிரி இருக்கும். பிளவுக்குள் ரொட்டியை இறக்கினால் வெந்ததும் தானே துள்ளி மேலே வரும். பக்கத்தில் ஒரு குமிழ், அதைச் சுற்றி ஒன்று முதல் ஆறு வரை எண்கள். ஒன்றில் வைத்தால் ரொட்டிக்கு வெறும் சூடு. மூன்று, புது வைக்கோல் நிறம். நான்கு, நாட்டுச் சர்க்கரை. ஐந்து, கருப்பட்டி. ஆறு, அடுப்பில் மறந்துவிட்ட கருப்பட்டி. பாவாயிக்கு மூன்று. அதற்குமேல் ஒரு பொட்டுக் கறுப்பு தெரிந்தாலும் சுரண்டித் தரச்சொல்லி அடம்பிடிப்பாள்.

உங்கள் வீட்டில் மின்சாரம் கிடையாது. டோஸ்டர் வந்த புதிதில் மாரக்காளுக்கு எண் விளங்குவதற்காக, உங்களூர்ச் சாயக்காரர்கள் நூலின் நிறத்துக்கு மாதிரி கட்டிக் காட்டுவார்களே, அதுபோல் ஒவ்வோர் எண்ணிலும் ஒரு துண்டு வாட்டி, ஆறையும் வரிசையாய் நூலில் கோத்து வைத்திருந்தேன். அதையே கூடையில் போட்டிருக்கிறேன். தணலில் வாட்டும்போது மூன்றாவது துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

உங்கள் தம்பி மேட்டூர்ப் பக்கம் மின்சாரக் கம்பி இழுக்கும் வேலையில் இருக்கிறார். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். எனக்கும் கொஞ்சம் அசதி. கொஞ்ச நாள் அவள் உங்களிடம் இருக்கட்டும்.

புறப்படும்போது நான் அவளைத் தூக்கவில்லை, தலையைத் தடவித்தான் அனுப்பினேன். வழியில் அதைப் பற்றி ஏதாவது சொன்னாளா?

வணக்கத்துடன்,
வசந்தாமணி

வெண்ணந்தூர்
14-7-1946

சௌபாக்கியவதி வசந்தாமணிக்கு அங்கம்மாள் ஆசீர்வாதம். இங்கே மழை இல்லை, மற்றபடி எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

சாமி, உன் கடுதாசி நாலு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா? நூலில் கோத்த துண்டுகளைப் பார்த்து நான் மருந்து என்றல்லவா நினைத்தேன்! முதல் நாளுக்கு வெளுத்தது, போகப்போகக் கறுத்தது என்று சேலத்து டாக்டர் கணக்காய்க் கொடுத்திருக்கிறார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். பிள்ளைக்குப் பத்தியம் என்று புளி, மிளகாய் எல்லாம் நிறுத்திவிட்டேன். பாவம், உப்புச்சோறும் பாலுமாய்த் தின்று, மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "அத்தை, உங்கூட்டுல கொழம்பே வெக்க மாட்டீங்களா?" என்கிறாள்.

அதோடு போயிற்றா? இந்த ஊரில் ரொட்டி எப்போது வரும் என்று உனக்குத் தெரியாது. யாராவது படுத்த படுக்கையானால்தான் ராசிபுரத்திலிருந்து ரொட்டி வரும். கூடையில் ரொட்டியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் இளநீரும் எலுமிச்சம்பழமுமாய் வாசலில் வந்து நிற்கிறாள்.

"ஆருக்கு அங்கம்மா ஒடம்புக்கு?"

"ஆருக்கும் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத ஊட்டுக்கு ரொட்டி எதுக்கு வருது? எங்கிட்ட மறைக்கலாமா?"

பழத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. ஊறுகாய் போட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று. உன் மகள் ரொட்டியைத் தொடமாட்டேன் என்கிறாள். உன் கடுதாசி வந்த பிறகு மூன்றாம் துண்டைப் பார்த்துப் பார்த்து வாட்டிக் கொடுத்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தகை பிழிந்தால் தட்டு நிறையத் தின்கிறாள். தூக்கவில்லை என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏன் தூக்கவில்லை?

உன் வீட்டில் தினமும் ரொட்டி வாங்குகிறீர்களே, யாருக்கு?

இப்படிக்கு,
அங்கம்மாள்

சேலம்
19-7-1946

அன்புள்ள நங்கைக்கு வணக்கம். உங்கள் கடிதம் கண்டேன். இங்கே யாவரும் சுகமே.

காளியாத்தாள் கதையை மாரக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை நங்கை. சென்னையில் கல்லூரி விடுதியில் படித்தபோது எங்களுக்குக் காலை ஆகாரமே ரொட்டிதான். இன்னாருக்கு இளசாய், இன்னாருக்கு முறுகலாய் என்று சமையற்காரருக்குப் பெயர் பெயராய்த் தெரியும். எனக்கு எப்போதும் இளசு. இப்போது என்னவோ ஆறாம் எண்ணில்தான் பிடிக்கிறது. வெண்ணெய்கூட வேண்டாம், வெறும் ரொட்டி. நாக்குக்கும் வயது ஏறுகிறது போலும்.

பாவாயி ஏன் ரொட்டியை வேண்டாமென்கிறாள்? இங்கே காலை எழுந்ததும் ஓடிவந்து, துண்டு துள்ளி வருவதற்காக டோஸ்டருக்கு முன்னால் காத்திருப்பாள். என்மேல் கோபமா? என்னைக் கேட்கிறாளா? கேட்டால் என்ன சொல்கிறீர்கள்?

இருக்கிற நாளில் அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், கண்ணில் எரியும் என்று கத்துவாள், விடாதீர்கள். கிணற்றுப் பக்கம் தனியே விட வேண்டாம். அவளை அழைத்துக்கொண்டு வரும் பிரயாசை இப்போதைக்கு வேண்டாம். வெள்ளையடிக்கிற வேலை இன்னும் முடியவில்லை.

வணக்கத்துடன்,
வசந்தாமணி

வெண்ணந்தூர்
24-7-1946

வசந்தாமணிக்கு ஆசீர்வாதம். சுகம். அவ்விடமும் சுகமாக இருக்க வேண்டும்.

ஆடிப் பதினெட்டு வருகிறது. பிள்ளைக்குப் புதுப்பாவாடை தைத்தாகிவிட்டது. ஆற்றுக்குப் போய்விட்டு, அப்படியே சேலம் வந்து உன்னையும் பார்த்துவிட்டு வரலாம் என்று உன் அண்ணன் சொல்கிறார். பஸ்ஸில் இடம் சொல்லி வைக்கட்டுமா?

கேட்டாயே, சொல்கிறேன். அவள் உன்னைக் கேட்பதில்லை. மற்றப் பிள்ளைகள் வந்த இடத்தில் "அம்மாகிட்டப் போகோணும்" என்று அழும். இவள் அழுவதில்லை. சொன்ன வேலையைச் சொன்னவுடன் செய்கிறாள். தண்ணீர்ச் செம்பைக்கூட இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறாள். நாலு வயதுப் பிள்ளை இத்தனை பதவிசாய் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆறாம் துண்டை எடுத்துப் பார்த்தேன். கரிக்கட்டை. இதையா தின்கிறாய்?

அங்கம்மாள்

சேலம்
28-7-1946

அன்புள்ள நங்கைக்கு வணக்கம். நலம்.

தயவு செய்து பதினெட்டுக்கு வர வேண்டாம். வெள்ளையடித்த சுண்ணாம்பு நெடி இன்னும் போகவில்லை, குழந்தைக்கு ஆகாது. உங்கள் தம்பியும் மேட்டூரிலிருந்து வரமாட்டார். அவர் இல்லாதபோது நீங்கள் வந்து போனால் எனக்குத்தான் குறை.

அவளுக்கு ஒரு கவுன் தைத்து அனுப்பியிருக்கிறேன். படுக்கையில் சாய்ந்தபடியே தைத்ததால் கீழ்மடிப்பு கொஞ்சம் கோணல். பதவிசாய் இருக்க வேண்டியதில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். செம்பைக் கீழே போட்டாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள்.

வசந்தாமணி

வெண்ணந்தூர்
9-9-1946

வசந்தாமணிக்கு.

ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்தது கோபத்தினால்தான். வராதே என்று ஒரு வீட்டில் சொன்னால் அந்த வீட்டு வாசலை மிதிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. தம்பி கந்தப்பனை இந்தக் கையால் சோறூட்டி வளர்த்தவள் நான்.

கோபம் ஆறிவிட்டது. இப்போது பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு தங்கை இருந்தாள். அவளும் இப்படித்தான் பிள்ளையை எங்களிடம் அனுப்பிவிட்டு, "ஒன்றுமில்லை, அசதிதான்" என்று எழுதிக்கொண்டிருந்தாள். பார்க்க வருகிறோம் என்றால் வேண்டாம் என்பாள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது தலைமாட்டில் ரொட்டி இருந்தது. கைக்குட்டையில் ரத்தம் இருந்தது.

உன்னை ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல். உனக்கு இருமல் இருக்கிறதா?

பிள்ளை தூங்கும்போது நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிறேன். அவளுக்கு ஒன்றுமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கம்மாள்

சேலம்
13-9-1946

அன்புள்ள நங்கைக்கு,

இருமல் இல்லை. நீங்கள் நினைக்கிற வியாதி இல்லை. பாவாயிமேல் ஆணையாகச் சொல்கிறேன். உங்களை இப்படிப் பயப்பட வைத்ததற்கு மன்னிக்க வேண்டும்.

வேறொன்று இருக்கிறது. கெட்டதல்ல. எழுத வரவில்லை. போன வருஷம் எனக்கு வளைகாப்பு, கட்டுச்சோறு என்று நாள் குறித்தோமே, நீங்கள் முறுக்கு மாவுகூட இடித்து வைத்திருந்தீர்களே, அப்போது எல்லாரிடமும் எத்தனை சந்தோஷமாய்ச் சொன்னேன்! அந்த நாள் வருமுன்பே அது தங்காமல் போனதிலிருந்து எதையும் வாய்விட்டுச் சொல்லப் பயமாயிருக்கிறது. படித்தவள் இப்படிப் பயப்படலாமா என்று நீங்கள் கேட்கலாம். படிப்பு ஒரு பக்கம் இருக்கிறது, பயம் ஒரு பக்கம் இருக்கிறது. உங்கள் தம்பியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன், அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். பாவாயி ரொட்டி தின்கிறாளா?

வசந்தாமணி

வெண்ணந்தூர்
2-10-1946

கண்ணு வசந்தாவுக்கு அங்கம்மாள் ஆசீர்வாதம். நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் கடுதாசியை மடித்து வைத்துவிட்டு, ஆறாம் துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். கசப்பு. உடனே சிரிப்பு வந்துவிட்டது. மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நான் அடுப்புச் சாம்பலை ஒருவருக்கும் தெரியாமல் அள்ளித் தின்றவள். கரிந்தது இனிக்கிறது என்றால் ஒரு பெண்ணுக்கு என்னவென்று எனக்குத் தெரியாதா? ரொட்டியையே பார்த்துக்கொண்டு நிறத்தைப் பார்க்காமல் விட்டேன். காளியாத்தாளைவிட மக்கு நான். பேர் சொல்ல மாட்டேன். கேட்கவும் மாட்டேன். உன் வாயில் வருகிறபோது வரட்டும்.

இப்போது நான் எழுத வந்தது வேறு.

நேற்றுக் காலை தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஆள் கூப்பிட்டதென்று எழுந்து போன நேரத்தில் தோசை தீய்ந்து, வீடெல்லாம் புகை. திரும்பி வந்தால் பிள்ளையைக் காணோம். தேடினால் குதிருக்குப் பின்னால் இடுக்கில் ஒட்டிக்கொண்டு நடுங்குகிறாள்.

"நானில்லைங்க அத்தை! நான் எதையும் திருப்பலைங்க!"

"என்னத்தத் திருப்பலை அம்மிணி?"

"நம்பரு. இங்க நம்பரே இல்லைங்களே. நான் தொடலைங்க. என்னைய வேற ஊருக்கு அனுப்பிப் போடாதீங்க."

மடியில் வைத்துக்கொண்டு மெதுவாய்க் கேட்டேன். விக்கி விக்கிச் சொன்னாள். உனக்கு ரொட்டி வாட்டித் தரலாமென்று முக்காலிமேல் ஏறினாளாம். எந்த நம்பர் பெரிசோ அது அம்மாவுக்கு என்று குமிழைத் திருப்பினாளாம். புகை வந்ததாம். "அம்மா கத்துனாங்க. என்னயத் தூக்கி அந்தப் பக்கம் உட்டாங்க. அப்பறம் அம்மா கீழ உக்காந்து அழுதாங்க. அப்பறம் மாமா வந்தாரு. அப்பறம் பஸ்ஸு."

எல்லாவற்றையும் அவளாகவே கோத்துக்கொண்டிருக்கிறாள் வசந்தா. நம்பரைத் திருப்பியதற்குத்தான் அம்மா தன்னை அனுப்பிவிட்டாள் என்று இத்தனை நாளும் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு, செம்புத் தண்ணீர் சிந்தாமல் நடந்திருக்கிறாள்.

"அப்படியெல்லாம் இல்லை சாமி" என்றேன். "அப்பறம் எதுக்குங்க அனுப்பினாங்க?" என்று என் முகத்தையே பார்க்கிறாள். வெள்ளையடிக்கிறார்கள் என்று சொன்னால், நாலு வயது என்றாலும் அவள் நம்பமாட்டாள். நானே நம்பவில்லை.

நீதான் சொல்ல வேண்டும். சொன்னபடி அவளிடம் சொல்கிறேன், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.

அங்கம்மாள்

சேலம்
6-10-1946

என் அன்புள்ள நங்கைக்கு வசந்தாமணியின் நமஸ்காரம்.

உங்கள் கடிதம் வந்ததும் பதில் எழுதத் தொடங்கி, மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். முதல் தாளில், "பாவாயி, அது உன்னால் இல்லை" என்று எழுதினேன். எழுதிய பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை கோத்துக்கொண்டதில் பாதி நிஜம் நங்கை. அதனால்தான் அந்த ஒரு வரி அவளிடம் நிற்காது.

நான் உண்டாகியிருக்கிறேன். இதோ, எழுதிவிட்டேன்.

அன்று காலை புகையைப் பார்த்ததும், மின்சாரம் அவளைப் பிடித்துவிடும் என்ற ஒரே பயத்தில் ஓடினேன். முக்காலியிலிருந்து அவளை ஒரே தூக்காய்த் தூக்கி நகர்த்தினேன். அடுத்த நிமிஷமே உதிரம் கண்டது. லேடி டாக்டர் வந்து பார்த்து, படுக்கையை விட்டு எழக்கூடாது, குழந்தையைத் தூக்கவே கூடாது என்றார். பாவாயி பக்கத்தில் இருந்தால் என்னால் தூக்காமல் இருக்க முடியாது. அவளுக்கு ஒரு முள் குத்தினால் என் கை தானாய்ப் போய்விடும். அதனால் அனுப்பினேன். காரணம் சொன்னால் போன வருஷம் மாதிரி ஆகிவிடுமோ என்று சொல்லாமல் அனுப்பினேன். சொல்லாததை அவள் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் அழாதது என்னை மறந்ததனால் என்று நினைத்து, நான் இங்கே படுத்துக்கொண்டு என் துக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆறாம் எண் எனக்குப் பிடித்துப்போயிற்று என்று எழுதினேனே, அதுவும் முழு நிஜமில்லை. அவள் புறப்பட்ட மறுநாள் மாரக்காள் ரொட்டி வாட்டப் போனாள். குமிழை மூன்றுக்குத் திருப்பப் போனவளை, "வேண்டாம், இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டேன். ஏனென்று எனக்கே தெரியாது. அவள் கை கடைசியாய்ப் பட்ட இடம் அது. அந்தக் கறுத்த துண்டுதான் என் வயிற்றில் தங்கியது. சோறு தங்கவில்லை, பால் தங்கவில்லை, பழம் தங்கவில்லை. விடிந்ததும் இரண்டு கறுத்த துண்டு, அதன் பலத்தில்தான் பொழுது போயிற்று. வறட்டு ரொட்டி நல்லதுதான், இன்னும் நன்றாய் முறுகட்டும் என்று லேடி டாக்டரும் சொன்னார். இன்றுவரை அந்தக் குமிழை ஒருவரும் தொடவில்லை.

போன வருஷம் கடக்க முடியாமல் போன மாதத்தை இந்த வாரம் கடந்துவிட்டேன். வீட்டுக்குள் நடக்கலாம், வாசல் வரை போகலாம் என்று உத்தரவாகியிருக்கிறது. தூக்கத்தான் கூடாது.

அதனால் பாவாயியிடம் இப்படிச் சொல்லுங்கள். அம்மா வயிற்றில் ஒரு பாப்பா இருக்கிறது. புகை வந்ததும் நீ சுட்டுக்கொள்வாயோ என்று அம்மா பயந்து தூக்கினாள், அதில் அம்மாவுக்கு வயிறு வலித்தது. நம்பரைத் திருப்பியது தப்பில்லை. அம்மாவுக்கு ரொட்டி கொடுக்கத்தானே திருப்பினாய்? உன்னைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் அத்தை வீட்டுக்கு அனுப்பினாள். அதை அம்மா உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ வைத்த நம்பரில்தான் அம்மாவும் பாப்பாவும் தினமும் சாப்பிடுகிறோம். வேறெதுவும் எங்களுக்குச் சேரவில்லை.

கூட்டாமல் குறைக்காமல் என்றீர்கள். இது கூட்டியதில்லை. அவள் கேட்டால், இன்னொரு தடவையும் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு முன்னால் அவளை அழைத்துக்கொண்டு நீங்களும் அண்ணாவும் வாருங்கள். வாசலை மிதிக்க மாட்டேன் என்றதை எனக்காக மறந்துவிடுங்கள். முறுக்கு மாவு மட்டும் இடிக்க வேண்டாம், இப்போதைக்கு.

அவள் வரும்போது வாசலில் நிற்பேன். தூக்கமாட்டேன், கீழே உட்கார்ந்துகொள்வேன், அவளாக வந்து மடியில் ஏறட்டும். மறுநாள் காலை முக்காலியை நானே பிடித்துக்கொள்கிறேன். குமிழை அவள்தான் திருப்ப வேண்டும். அவள் ஊரில் என்னென்னவோ தின்று பழகியிருப்பாள். ருசி மாறியிருக்கும், எனக்குத் தெரியாது. இப்போது அவளுக்கு எந்த எண்ணில் வேண்டுமென்று கேட்டு எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

வசந்தாமணி